எண்ணே வரவில்லையா, வந்த எண் பொய்யா? வீட்டுக் காற்று, தண்ணீர் சென்சார்களைப் பழுது பார்க்க

சென்சார் பழுதுகளில் சத்தம் போடுவதும் உண்டு, ஊமையாக இருப்பதும் உண்டு. திரையில் ஒன்றுமே வராமல் போனால் பத்து நிமிடத்தில் காரணம் பிடிபட்டுவிடும். தண்ணீர் மைனஸ் 127 டிகிரி என்று காட்டினால் ஏதோ தப்பு என்று குழந்தைக்கே தெரியும். ஆனால் தொட்டித் தண்ணீரின் பிஹெச் (அமிலமா காரமா என்று சொல்லும் எண், 7 என்றால் நடுநிலை) 7.1, 7.1 என்று வாரக்கணக்கில் அழகாகக் காட்டிக்கொண்டிருக்கும்போது, சென்சார் முனையின் கண்ணாடிக் குமிழ் விரிசல் விட்டுக் கிடந்தால்? எனக்கு அதுதான் நடந்தது. அதனால் சத்தமான பழுதில் தொடங்கி ஊமைப் பழுதுக்குப் போகிறேன். உங்கள் அறிகுறி எதுவோ, நேராக அங்கே போய்ப் படிக்கலாம்.

என்னிடம் இருப்பவை சாதாரணச் சாமான்கள்தான். சென்னை வீட்டின் பால்கனியில் எஸ்டிஎஸ்011 தூசி சென்சார், டிஎச்டி22 ஈரப்பத சென்சார், அவற்றைப் படித்து வைஃபையில் அனுப்பும் இஎஸ்பி8266 போர்டு. மொட்டை மாடியில் தொட்டிக்குப் பக்கத்தில் இஎஸ்பி32 போர்டு, டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு), பிஹெச், கலங்கல் சென்சார்கள், தண்ணீர் வெப்பநிலைக்கு டிஎஸ்18பி20. பழுது பார்க்க உட்காரும் முன் ஒரு மல்டிமீட்டர், நன்றாக வேலை செய்கிறது என்று தெரிந்த ஒரு யுஎஸ்பி கேபிள், பிஹெச் பஃபர் பவுடர் (கரைத்தால் பிஹெச் இவ்வளவு என்று முன்பே தெரிந்த கரைசல் கிடைக்கும்), ஒரு ஊதுவத்தி இவை கையில் இருக்கட்டும்.

ஒன்றுமே வரவில்லை

கம்ப்யூட்டருக்குப் போர்டே தெரியவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் வீடு முழுக்கக் கிடக்கின்றன. பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். கேபிள் சரி என்றால் அடுத்தது டிரைவர். விலை குறைந்த போர்டுகளில் யுஎஸ்பி வழியாகப் பேச பெரும்பாலும் சிஎச்340 சிப் இருக்கும், சிலவற்றில் சிபி2102. இரண்டுக்கும் டிரைவர் வேறு.

போர்டு தெரிகிறது, தூசி சென்சாரிலிருந்து மட்டும் தகவல் இல்லை என்றால் சென்சாரைக் காதருகே வைத்துக் கேளுங்கள். உள்ளே குட்டி விசிறி ஓடும் சத்தம் மெலிதாகக் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் மின்சாரம் போகவில்லை, அல்லது புரோகிராம் அதைத் தூங்க வைத்திருக்கிறது. எஸ்டிஎஸ்011, அதே மாதிரி தூசி சென்சாரான பிஎம்எஸ்5003 இரண்டுக்குமே 5 வோல்ட் வேண்டும், 3.3 வோல்ட் பின்னில் செருகியிருந்தால் விசிறி முனகும் அல்லது ஓடவே ஓடாது. விசிறி ஓடியும் எண் வரவில்லை என்றால் ஒயர் திசையைப் பாருங்கள். சென்சாரின் டிஎக்ஸ் (அனுப்பும் பின்) போர்டின் ஆர்எக்ஸுக்கு (வாங்கும் பின்) போக வேண்டும். டிஎக்ஸை டிஎக்ஸோடு சேர்ப்பது எல்லோரும் ஒரு தடவையாவது செய்யும் தப்பு. புரோகிராமில் தகவல் வேகம் 9600 பாட் என்று இருக்க வேண்டும்.

எல்லாம் சரி, வைஃபை மட்டும் ஒட்டவில்லையா? இந்தப் போர்டுகளுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை பெயரைப் புரோகிராமில் கொடுத்திருப்பீர்கள்.

ஓடுகிறது, ஆனால் சில நிமிடத்துக்கு ஒருமுறை செத்துப் பிழைக்கிறது

இது கிட்டத்தட்ட எப்போதுமே மின்சாரக் கோளாறு. என் பால்கனிப் பெட்டி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தது. புரோகிராமில் தப்பு என்று நினைத்து இரண்டு நாள் வரி வரியாகப் பார்த்தேன். கடைசியில் மல்டிமீட்டரை 5 வோல்ட் பின்னில் வைத்து சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். 4.8 என்று நின்றது. தூசி சென்சார் விழித்து விசிறி சுழலத் தொடங்கியதும், அதே நொடியில் வைஃபையும் பேசியதும், 4.3க்குச் சரிந்தது. போர்டின் நீல விளக்கு மினுங்கி அணைந்தது. காரணம், ஹாலிலிருந்து பால்கனிக்கு இழுத்திருந்த மூன்று மீட்டர் மெல்லிய கேபிள். நல்ல கனமான குட்டைக் கேபிள் போட்டதும் நின்றுவிட்டது. அளக்கும்போது சுமை ஏறும் நேரத்தில் அளக்க வேண்டும். சும்மா இருக்கும்போது எல்லா சார்ஜரும் யோக்கியமானதுதான்.

85, மைனஸ் 127, NaN

டிஎஸ்18பி20 மைனஸ் 127 காட்டினால் போர்டுக்குச் சென்சாரே தெரியவில்லை என்று பொருள்: ஒயர் விட்டிருக்கிறது, அல்லது தகவல் ஒயருக்கும் மின்சார ஒயருக்கும் நடுவில் போட வேண்டிய 4.7 கிலோஓம் ரெசிஸ்டரைப் போடவில்லை. சரியாக 85 காட்டினால் அது சென்சார் விழித்தவுடன் வைத்திருக்கும் தொடக்க எண். அளந்து முடிக்கும் முன்பே கேட்டுவிட்டீர்கள் (முழு நுணுக்கத்தில் அதற்கு 750 மில்லிசெகண்ட் வேண்டும்), அல்லது நடுவில் மின்சாரம் ஒரு கணம் விழுந்திருக்கிறது.

டிஎச்டி22 NaN ('இது எண்ணே இல்லை' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று காட்டினால் பெரும்பாலும் அவசரம்தான் காரணம். இரண்டு நொடிக்கு ஒருமுறைக்கு மேல் அதைக் கேட்கக் கூடாது. ஈரப்பதத்தையும் அளக்கும் பிஎம்இ280 சென்சார் வாங்கியவர்களுக்கு ஒரு சொல்: ஈரப்பதம் மட்டும் வரவே இல்லை என்றால் கையில் இருப்பது பிஎம்பி280 ஆக இருக்கலாம். உருவம் ஏறத்தாழ ஒன்றுதான், ஆனால் அதில் ஈரப்பதம் அளக்கும் பாகமே கிடையாது. அதற்குப் பழுது நீக்கம் எதுவும் இல்லை.

தூசி எண் நகரவே இல்லை

ஊதுவத்தியைக் கொளுத்தி இரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் பிஎம் 2.5 (2.5 மைக்ரோமீட்டர் வரையிலான நுண்தூசியின் அளவு) தாவி ஏற வேண்டும். வத்தியை எடுத்து ஜன்னலைத் திறந்தால் மெல்ல இறங்க வேண்டும். ஏறி இறங்கினால் சென்சார் உயிரோடு இருக்கிறது. புகையைச் சென்சாரின் காற்றுத் துளைக்கு நேராகக் காட்ட வேண்டாம், 999.9 என்ற உச்சத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், கண்ணாடியிலும் பிசின் படியும்.

நகரவில்லை என்றால் உள்ளே குடியேற்றம் நடந்திருக்கிறதா பாருங்கள். இருட்டு, வெதுவெதுப்பு, சின்ன ஓட்டை. எறும்புக்கும் சிலந்திக்கும் இதைவிட நல்ல வீடு ஏது. லேசர் ஒளி போகும் பாதையில் ஒரு நூலாம்படை இழை நின்றால்கூட எண் மேலே போய் நின்றுவிடும். கையால் அழுத்தும் ரப்பர் ஊதுபந்தால் காற்று அடியுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் போகும். அப்புறம் காற்று நுழையும் குழாய் முனையில் கொசுவலைத் துண்டைக் கட்டிவிடுங்கள். பெட்டிக்கு 75 மில்லிமீட்டர் பிவிசி எல்போ இரண்டு போதும், வாய் கீழே பார்க்கும்படி. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் 2015-ல் தொடங்கிய குடிமக்கள் தூசி அளவைத் திட்டத்தில் பரவிய யோசனை இது, மழைக்கும் தாங்குகிறது.

ஆயுளும் ஒரு காரணமாக இருக்கலாம். எஸ்டிஎஸ்011 லேசருக்குத் தயாரிப்பாளர் சொல்வது சுமார் 8000 மணி நேரம். இருபத்துநாலு மணி நேரமும் ஓடவிட்டால் பதினோரு மாதத்தில் முடிந்துவிடும் கணக்கு. ஐந்து நிமிடத்துக்கு அரை நிமிடம் மட்டும் ஓடவிட்டால் பத்து மடங்கு நீளும். அதற்குள் விசிறி பழுதாகிவிடும் என்பது வேறு விஷயம்.

விடியற்காலையிலும் மழை நாளிலும் தூசி எகிறுகிறது

இங்கேதான் ஊமைப் பழுது தொடங்குகிறது. சென்சாரில் எதுவும் கெடவில்லை, எண்ணும் நம்பும்படியாகத்தான் இருக்கிறது, ஆனால் பொய்.

இந்தச் சென்சார்கள் தூசியை எடை போடுவதில்லை. துகள் மேல் லேசர் பட்டுச் சிதறும் ஒளியைப் பார்த்து, இவ்வளவு எடை இருக்கும் என்று ஊகிக்கின்றன. காற்றில் ஈரம் கூடினால் உப்பும் சல்பேட்டும் கலந்த துகள்கள் தண்ணீரை உறிஞ்சி ஊதிப் பெருக்கின்றன. ஒளி அதிகம் சிதறும், சென்சார் அதையும் தூசிக் கணக்கில் சேர்த்துவிடும். அரசு நிலையங்களின் கருவிகள் காற்றைச் சூடாக்கி ஈரத்தைக் குறைத்த பிறகு அளக்கின்றன. நம் பெட்டியில் அந்த வசதி இல்லை. எஸ்டிஎஸ்011 ஈரப்பதம் 70 சதவீதம் வரை வேலை செய்யும் என்று அதன் தாளிலேயே போட்டிருக்கிறது. கடலோர ஊரில் விடியற்காலை 70-க்குக் கீழே இருக்கும் நாளை எண்ணிவிடலாம். பனிமூட்டமே வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், நீர்த்துளியைக்கூடத் தூசி என்று எண்ணும்.

இது சின்ன விஷயமும் இல்லை. நம் நாட்டில் பிஎம் 2.5-க்கு 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உண்மையில் 45 இருக்கும் நாளை உங்கள் பெட்டி 80 என்று காட்டினால், நல்ல நாளை வரம்பு மீறிய நாளாக நீங்களே அறிவித்துவிடுவீர்கள்.

என்ன செய்யலாம்? தூசி எண்ணுக்குப் பக்கத்திலேயே ஈரப்பதத்தையும் பதிவு செய்யுங்கள். 80 சதவீதத்துக்கு மேல் இருக்கும் நேரத்து எண்களுக்கு ஒரு அடையாளம் போட்டுத் தள்ளி வையுங்கள். இணையத்தில் திருத்தச் சூத்திரங்கள் கிடைக்கும். பிஎம்எஸ்5003 வைத்த கருவிகளுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் சூத்திரம் பிரபலம். சென்சார் எண்ணை 0.524 ஆல் பெருக்கு, ஈரப்பதத்தை 0.0862 ஆல் பெருக்கிக் கழி, 5.75 கூட்டு. ஆனால் அது அமெரிக்கக் காற்றை வைத்துப் போட்ட கணக்கு. அங்கே இருக்கும் துகளும், நம் ஊர் டீசல் புகை, குப்பை எரிப்பு, கடல் உப்புக் கலவையும் ஒன்றல்ல. நான் அதை அப்படியே எடுக்கவில்லை. ஆலந்தூர், மணலி, வேளச்சேரி போன்ற இடங்களில் அரசு அளவை நிலையங்கள் இருக்கின்றன, அவற்றின் எண்களை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் பார்க்கலாம். உங்கள் வீடு அவற்றில் ஏதாவது ஒரு நிலையத்துக்கு அருகில் இருந்தால், இரண்டு வாரத்துக்கு 24 மணி நேரச் சராசரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். உங்களுடையது எப்போதும் ஒன்றரை மடங்கு என்று வந்தால், உங்கள் திருத்தம் அதுதான். மணிக்கணக்கில் ஒப்பிட வேண்டாம். எதிர்வீட்டுக்காரர் சருகு கொளுத்தியது நிலையத்துக்குத் தெரியாது.

போகி அன்று காலை என்ன செய்வது என்று கேட்பார்கள். பனியும் புகையும் சேர்ந்து வரும் நாள் அது, சென்னை விமானங்களே தாமதமாகும். அதற்கு முந்தைய வாரத்தில் அதே நேரம், அதே அளவு ஈரப்பதம் இருந்த காலை ஒன்றைத் தேடி எடுங்கள். ஈரம் செய்யும் குளறுபடி இரண்டிலும் ஏறக்குறைய சமம் என்று வைத்துக்கொண்டால், மிச்ச வித்தியாசம் பழைய பாயும் டயரும்தான்.

பக்கத்தில் கட்டடம் இடிக்கிறார்கள், பிஎம் 10 அசையவில்லை

இந்த விலைச் சென்சார்கள் பெரிய துகளைப் பார்ப்பதில் மோசம். விசிறியின் இழுப்பு சிறிது, பெரிய துகள் வாசலிலேயே தங்கிவிடும். திரையில் வரும் பிஎம் 10 (10 மைக்ரோமீட்டர் வரையிலான தூசி) பெரும்பாலும் சின்னத் துகளை வைத்துப் போட்ட ஊகம். சாலைப் புழுதி, சிமென்ட் தூசிக்கு இதை ஆதாரமாகத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். சமையல் புகை, வண்டிப் புகை, பட்டாசு என்றால் பிஎம் 2.5-ஐப் பார்க்கலாம்.

காற்றுத் தர சென்சார் தோசைக்கு அலறுகிறது

எம்க்யூ135 என்ற வாயு சென்சாரை வைத்துக் கார்பன் டை ஆக்சைடு அளப்பவர்கள் இங்கே வாருங்கள். அதற்கு அம்மோனியாவும் தெரியும், சாராய ஆவியும் தெரியும், புகையும் தெரியும். எது எது என்று மட்டும் தெரியாது. ஃபினாயில் போட்டுத் தரை துடைத்தால் எகிறும். உள்ளே ஹீட்டர் இருப்பதால் 150 மில்லி ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், புதிதாக வாங்கினால் ஒரு நாள் முழுக்கச் சூடாக விட்ட பிறகே எண் நிலைக்கு வரும். இதையெல்லாம் சரியாகச் செய்தாலும் அது கார்பன் டை ஆக்சைடு மீட்டர் ஆகாது. அதற்கு அகச்சிவப்பு ஒளியால் அளக்கும் எம்எச்-இசட்19 மாதிரி ஒன்று வேண்டும்.

அதிலும் ஒரு பொறி உண்டு. ஒரு நாளில் கண்ட மிகக் குறைந்த அளவை வெளிக்காற்றின் 400 பிபிஎம் (பத்து லட்சத்தில் 400 பங்கு) என்று எடுத்துக்கொண்டு தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் ஏற்பாடு அதில் இருக்கிறது. கதவைச் சாத்தி எப்போதும் ஏசி ஓடும் படுக்கையறையில் காற்று 400-க்கு இறங்குவதே இல்லை. ஆகவே நாளாக நாளாகக் குறைத்துக் காட்டும். தினமும் கொஞ்ச நேரம் ஜன்னலைத் திறங்கள், அல்லது அந்தத் தானியங்கித் திருத்தத்தை நிறுத்திவிடுங்கள்.

டிடிஎஸ் காலையில் 800, மதியம் 950

தண்ணீர் மாறவில்லை, சூடு மாறியது. டிடிஎஸ் சென்சார் அளப்பது தண்ணீரில் மின்சாரம் ஓடும் எளிமையை. அது ஒரு டிகிரிக்குச் சுமார் 2 சதவீதம் கூடும். காலை 28 டிகிரியில் 800 காட்டிய அதே தண்ணீர், கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியில் வெந்து 38 டிகிரி ஆகும்போது 950 காட்டும். டிஎஸ்18பி20-ஐ அதே தண்ணீரில் விட்டு, 25 டிகிரிக்குத் திருத்திக்கொள்ளுங்கள்.

ஒரே தண்ணீருக்கு இரண்டு மீட்டர் இரண்டு எண் காட்டுகிறதா? கடத்துதிறனை (மேலே சொன்ன, மின்சாரம் ஓடும் எளிமையை) டிடிஎஸ்ஸாக மாற்ற ஒன்று 0.5 ஆலும் மற்றது 0.7 ஆலும் பெருக்குகிறது. 1413 என்று எழுதிய தரக் கரைசலில் இரண்டையும் விட்டுப் பாருங்கள்: ஒன்று 706 பக்கம், மற்றது 989 பக்கம் நிற்கும். இரண்டும் சரிதான்.

போர் தண்ணீரில் 1000-ஐத் தொட்டு அங்கேயே நிற்கிறது என்றால் சென்சாரின் எல்லை முடிந்துவிட்டது. இன்வர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரைப் பாதிக்குப் பாதி கலந்து அளந்து, வந்ததை இரண்டால் பெருக்குங்கள். தோராயம்தான், ஆனால் 1000-ஆ 1800-ஆ என்பது தெரிந்துவிடும். இந்திய நிர்ணயப்படி குடிநீருக்கு 500 வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை. நாளாவட்டத்தில் எண் குறைந்துகொண்டே வந்தால் முனைகளில் வெள்ளையாக உப்பு படிந்திருக்கும். எலுமிச்சைச் சாற்றில் பத்து நிமிடம் ஊறவைத்துக் கழுவினால் போய்விடும். குறைந்த டிடிஎஸ் என்றால் நல்ல தண்ணீர் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். சாக்கடைக் கிருமி கலந்ததை இந்தச் சென்சார் காட்டாது, அதற்குப் பரிசோதனைக் கூடம்தான்.

கலங்கல் எண் தாவுகிறது

சென்சார் முனையில் ஒட்டிய காற்றுக் குமிழும் நேராக விழும் வெயிலும்தான் பெரும்பாலும் காரணம். தட்டிவிடுங்கள், மூடிவையுங்கள். பல மாடல்களில் மேல் மூடி தண்ணீர் தாங்காது, முனை மட்டும்தான் நனையலாம். போர் தண்ணீரைப் பிடித்த உடனே தெளிவாகவும் அரை மணியில் கலங்கலாகவும் காட்டினால் சென்சாரைத் திட்ட வேண்டாம். தண்ணீரில் கரைந்திருந்த இரும்பு, காற்று பட்டதும் துருவாகப் பிரிகிறது. துணியில் விழும் பழுப்புக் கறையும் அதுதான்.

பிஹெச் ஒரேயடியாகத் தப்பு, அல்லது ஒரேயடியாகச் சரி

முதலில் குற்றவாளி யார் என்று பிரிக்க வேண்டும்: போர்டா, முனையின் சிறு மின்னழுத்தத்தைப் பெருக்கிப் போர்டுக்குத் தரும் நடு மாட்யூலா, கண்ணாடி முனையா.

முனையைக் கழற்றிவிடுங்கள். மாட்யூலின் வட்டக் கனெக்டரில் நடு ஓட்டையையும் வெளி வளையத்தையும் ஒரு துண்டு ஒயரால் இணையுங்கள். இப்போது மாட்யூலுக்கு வருவது பூஜ்ய மில்லிவோல்ட், அதாவது பிஹெச் 7. வெளியே மல்டிமீட்டரில் 2.5 வோல்ட் வர வேண்டும். வரவில்லை என்றால் கனெக்டருக்குப் பக்கத்தில் உள்ள திருகை மெல்லத் திருகிக் கொண்டுவாருங்கள். அடுத்து அதே நேரத்தில் புரோகிராம் எத்தனை வோல்ட் என்கிறது என்று பாருங்கள். மல்டிமீட்டர் 2.50 என்றும் புரோகிராம் 2.31 என்றும் சொன்னால் தப்பு போர்டில். இஎஸ்பி32-க்குள் வோல்ட்டை எண்ணாக மாற்றும் பகுதி (ஏடிசி) அளவின் இரு ஓரங்களிலும் தப்பாகக் காட்டும். அதிலும் ஏடிசி2 பின்கள் வைஃபை ஓடும்போது வேலைக்கே ஆகாது. அதே வேலையைச் செய்யும் ஏடிஎஸ்1115 என்ற சின்னத் துணைப் போர்டு போட்டால் இந்தத் தலைவலி போகும்.

அடுத்தது முனை. 6.86 பஃபரில் விடுங்கள், கழுவுங்கள், 4.01 பஃபரில் விடுங்கள். கழுவிய பின் டிஷ்யூவால் ஒற்றி எடுக்கலாம், தேய்க்கக் கூடாது. நல்ல முனை ஒரு பிஹெச் அளவுக்கு 25 டிகிரியில் 59 மில்லிவோல்ட் மாறும். மாட்யூல் அதைப் பெருக்கித் தரும். இரண்டு பஃபரிலும் ஏறக்குறைய ஒரே எண் வந்தால் கண்ணாடி உடைந்திருக்கிறது. மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. என் முனை காட்டிய 7.1 அப்படி வந்ததுதான். எலுமிச்சைச் சாற்றில் விட்டபோதும் 7.1. எண் சரியான இடத்துக்கு வருகிறது, ஆனால் ஐந்து நிமிடம் ஆகிறது என்றால் குமிழ் காய்ந்திருக்கிறது. 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் ஒரு ராத்திரி ஊறட்டும். டிஸ்டில்டு வாட்டரிலோ ஆர்ஓ தண்ணீரிலோ போட்டு வைக்காதீர்கள், முனைக்குள் உள்ள உப்பை அது உறிஞ்சிவிடும். ஆர்ஓ தண்ணீரை அளக்கும்போதும் எண் அலைந்துகொண்டே இருக்கும். அதில் அயனி போதாது, முனை மேல் குற்றமில்லை. பழைய 9.18 பஃபரையும் நம்ப வேண்டாம், திறந்து வைத்தால் காற்றின் கார்பன் டை ஆக்சைடை இழுத்து இறங்கிவிடும்.

தனியாக விட்டால் சரி, டிடிஎஸ்ஸோடு சேர்த்து விட்டால் கோளாறு

இதற்கு என் மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது. பிஹெச் முனை தனியாக 7.4. அதே வாளியில் டிடிஎஸ் முனையை இறக்கியதும் 9-க்கு ஓடியது, எடுத்ததும் திரும்பி வந்தது. டிடிஎஸ் முனை அளப்பதற்காகத் தண்ணீருக்குள் மின்சாரம் விடுகிறது. இரண்டு முனைக்கும் கிரவுண்டு ஒன்று என்பதால் அந்த மின்சாரம் பிஹெச் முனை வழியாகவும் திரும்புகிறது. உறுதி செய்ய, ஒன்றைத் தனி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள்; கோளாறு மறைந்தால் இதுவேதான். பிஹெச் பக்கத்துக்கு மின் தனிமைப்படுத்தும் மாட்யூல் போடலாம், அல்லது நான் செய்தது போல இரண்டு டம்ளரில் தனித்தனியாக அளக்கலாம். காசில்லாத வழி.

மோட்டார் ஓடும்போது மட்டும் எண் தாவினால் கதை வேறு. மோட்டாரிலிருந்து தண்ணீருக்கு மின்கசிவு இருக்கலாம். சென்சாரை மறந்துவிடுங்கள், தண்ணீரில் கை வைக்காதீர்கள். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது

பெட்டி மூடியில் ஒரு வெள்ளை டேப் ஒட்டி, பஃபரில் வைத்த தேதியையும் வந்த வோல்ட்டையும் எழுதி வைக்கிறேன். இப்போதைய முனைக்கு முதல் வரி: 6.86-க்கு 2.52, 4.01-க்கு 3.03. இடைவெளி 0.51. மூன்று மாதம் கழித்து 0.48. போன வாரம் 0.41. திரையில் இன்னும் 7.3 என்றுதான் வருகிறது, நடுப்புள்ளிக்குப் பக்கத்தில் இருப்பதால் தப்பு தெரியவில்லை. ஆனால் இடைவெளி ஐந்தில் ஒரு பங்கு சுருங்கிவிட்டது. உப்புக் கரைசலில் ஒரு ராத்திரி ஊறவைத்தும் 0.42-க்கு மேல் ஏறவில்லை. புது முனைக்கு ஆர்டர் போட்டாயிற்று. அது வரும்வரை பிஹெச் பத்திக்கு நேரே பதிவில் ஒரு கோடு மட்டும் போட்டு வைக்கிறேன்.